கரித்துணி

எங்கள் வீட்டுச் சமையலறையின் மேல்தட்டில், யாரும் தொடாத கேக் அச்சுகளுக்குப் பின்னால், பதினைந்து வருஷங்களாக ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. உள்ளே என் கணவரின் பழைய வேட்டியிலிருந்து கிழித்த ஒரு முழத் துணி. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது. அப்புறம் முழுக்கக் கறுப்பு. பையின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் பென்சிலால் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும்: "சமையற்கட்டு, மேற்குச் சுவர், அடுப்புக்கு இடப்பக்கம்." அதற்குக் கீழே என் பெயர். ஒருமுறை கொலுவுக்குப் படி அடுக்க உதவிக்கு வந்த சிநேகிதி அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதென்னடி, ஊர்லேர்ந்து ஏதாவது ஹோமத்து மையா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்தத் துணி விஷயமாக நான் சொன்ன பொய்களிலேயே சின்னது அதுதான்.

துணியை எனக்குக் கொடுத்தவர், பழைய வீடுகளையும் பொருட்களையும் பாதுகாக்கும் ஒரு கியூரேட்டர். நாங்கள் குடியிருக்கும் சுகர் லேண்டிலிருந்து முக்கால் மணி நேரம் காரோட்டினால், பிரேசோஸ் ஆற்றங்கரையில் ஒரு பழைய மாளிகை இருக்கிறது. டெக்சாஸுக்கு முதன்முதலாகக் குடியேற வந்தவர்களில் ஒரு குடும்பம் கட்டியது. கட்டியது என்பது பேச்சுக்குத்தான். ஆற்று மண்ணைக் குழைத்துச் செங்கல் அறுத்தவர்களும், சூளை வைத்தவர்களும், சைப்ரஸ் மரத்தை இழைத்து மாடிப்படி செய்தவர்களும் அந்தக் குடும்பம் விலைக்கு வாங்கி வைத்திருந்த அடிமைகள். முன்னால் ஆறு வெள்ளைத் தூண்கள், பின்னால் இருபது அடி தள்ளித் தனியாக ஒரு செங்கல் சமையற்கட்டு. தீப்பிடித்தால் மாளிகைக்குப் பரவக் கூடாது என்று அந்தக் காலத்தில் சமையற்கட்டைத் தள்ளித்தான் கட்டுவார்களாம். உள்ளே வேலை செய்கிறவர்கள் எரிந்தால் பரவாயில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பாழடைந்து கிடந்த அந்த வீட்டை ஒரு அறக்கட்டளை வாங்கிப் புதுப்பிக்கத் தொடங்கியபோது, வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது வெட்டிப்பொழுது தாங்காமல். சிவில் இன்ஜினியரிங் படித்து, மதுரையில் ஐந்து வருஷம் கட்டட வேலை பார்த்தவளைக் கணவரின் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்தவள் என்று முத்திரை குத்தி, சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சும்மா வேலை செய்யலாம். அதற்கு வாலண்டியர் என்று பெயர். வாரத்தில் இரண்டு நாள் மகளை டேகேரில் விட்டுவிட்டு, ஃப்ரீவேயில் லாரிகளுக்கு நடுவே பயந்து பயந்து ஓட்டிக்கொண்டு போவேன். அவர் வாசலில் நின்று, நான் காரை நிறுத்தும் கோணலைப் பார்த்துத் தலையை ஆட்டுவார்.

அறுபதை நெருங்கிய கறுப்பினப் பெண்மணி. நல்ல உயரம், ஒட்ட வெட்டிய நரைமுடி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு பெயிண்ட் பிரஷும் சின்ன டார்ச்சும் இருக்கும். நான் அவரை "மேம்" என்பேன். அவர் என்னை "இன்ஜினியர்" என்பார். அந்த ஊரில் என்னை அப்படிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான், அதற்காகவே நான் அவருக்கு என்ன வேலையும் செய்திருப்பேன். சுவரில் தபால்தலை அளவுக்கு ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, அறுவைக் கத்தியால் பெயிண்டை அடுக்கடுக்காகச் சுரண்டுவார். வெள்ளைக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே ரோஜா நிறம், அதற்கும் கீழே சுண்ணாம்பு. ஒரு நாள் முழுக்க அந்தத் தபால்தலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். மத்தியான வெயிலில் மரம் விரிந்து மாடியில் யாரோ நடக்கிற மாதிரி சத்தம் வரும்போது நான்தான் நிமிர்ந்து பார்ப்பேன். அவர் நிமிர மாட்டார். மாடிப்படியில் வெள்ளை கவுன் போட்ட எஜமானியம்மா பேயாக உலாவுகிறாள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அதைக் கேட்டால் மட்டும் சிரிப்பார். "பேயாக வருவதற்குக்கூட இந்த வீட்டில் எஜமானியாகப் பிறந்திருக்க வேண்டும் போலிருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னதை, நான் வீட்டுக்கு வந்து தமிழில் சொல்லிக் காட்டினேன்.

வேலையில் அவருக்கு ஒரே ஒரு விதி. "தூசி தட்டலாம், துடைக்கக் கூடாது. தூசி நேற்று வந்தது. அழுக்கு அப்படியில்லை, அது இங்கே வாழ்ந்தது." வாரத்துக்கு நாலு தடவையாவது இதைச் சொல்வார். எனக்கு மனப்பாடம்.

ஒருநாள் சாப்பிடும்போது, நான் கொண்டுபோன எலுமிச்சம் சாதத்தைக் கிளறியபடி தன் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். "நம்ம ஜனங்கள்தான் அந்த வீட்டுக்குச் சோறு போட்டார்கள்" என்று அவருடைய அம்மா சொல்வாராம். அது இந்த வீடுதான் என்று அம்மா அடித்துச் சொல்வார், ஆதாரம் கிடையாது. மாளிகையின் பழைய சொத்துப் பட்டியலில் ஒவ்வொரு நாற்காலிக்கும் வர்ணனை இருந்தது. சமையல்காரிக்கு மட்டும் ஒரே வரி: சமையல்காரி, வயது இன்னது. பெயர் இல்லை. "அம்மா சொன்னது சரியா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த வேலைக்கு மனுப் போட்டேன். அறக்கட்டளைக் கமிட்டியிடம் இதைச் சொன்னதில்லை" என்றார். கமிட்டிக்கு அந்தச் சமையற்கட்டு மேல் வேறு கண். மாளிகையைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும்போது, அதை இடித்து மாற்றி கேட்டரிங் அறை ஆக்கிவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே வாழ்ந்தவர்களின் தடம் ஏதாவது இருக்கிறது என்று காட்டினால்தான் அதைக் காப்பாற்ற முடியும்.

அந்த வருஷப் பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை நம் ஆட்களை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். தமிழ்ப் பள்ளியின் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு வாலண்டியர் மணிநேரம் தேவைப்பட்டது. காலேஜ் விண்ணப்பத்தில் போட்டுக்கொள்ள. பிள்ளைகள் எட்டுப் பேர், அவர்களுக்குக் காவலாக அம்மாக்கள் ஐந்து பேர், இரண்டு குளிர்பெட்டி நிறையத் தயிர் சாதம். தோட்டத்தில் களை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அன்று கியூரேட்டர் யாரையோ பார்க்க ஹூஸ்டன் போயிருந்தார். மண்வெட்டியும் துடைப்பமும் சமையற்கட்டில் இருக்கின்றன என்று சாவியை என்னிடம் கொடுத்திருந்தார்.

கதவைத் திறந்ததும் பின்னாலேயே வந்தவர் பேர்லேண்டிலிருந்து வந்த ஆன்ட்டி. எங்கள் வட்டாரத்தில் யார் வீட்டுக் கிரகப்பிரவேசம் என்றாலும் முந்தின நாளே போய்த் தேய்த்துக் கழுவிக் கொடுக்கிற நல்ல மனுஷி. அடுப்புச் சுவரைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"என்னம்மா இது, அடுப்படியை இப்படியா போட்டு வைப்பாங்க? நாளைக் கழிச்சு போகி. நாம வந்துட்டுப் போன எடம்னு ஒரு லட்சணம் வேணாமா?"

"ஆன்ட்டி, இங்க எதையும் துடைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"அது பெரிய வீட்டுக்கும்மா. இது வெறும் கிச்சன். கரியைப் போய் யாராவது ப்ரிசர்வ் பண்ணுவாங்களா?"

எனக்கும் அது சரி என்றே பட்டது. மாளிகையின் படிக்கட்டில் படிந்த அழுக்கைச் சரித்திரம் என்றும், அடுப்படியில் படிந்ததை வெறும் கரி என்றும் என் மனசு தானாகவே பிரித்து வைத்திருந்தது. அதோடு ஒரு அசட்டு ஆசையும் இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் அவர் அசந்துபோவார், "இன்ஜினியர்!" என்பார் என்று நினைத்தேன். காரிலிருந்த பழைய வேட்டியைக் கிழித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தவளும் நானே. வாளி வாளியாகத் தண்ணீர் வந்தது. ஒரு பெண் "ஆன்ட்டி, எக்ஸ்ட்ரா அவர்ஸ் போடுவீங்களா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தோம்.

அடுப்புக்கு இடப்பக்கம் என் பங்கு. தாழ்வான அடுப்பு. வலது கையால் தேய்க்க வேண்டுமென்றால் குனிந்து, இடது கையைச் சுவரில் ஊன்றித்தான் ஆக வேண்டும். வெறும் தண்ணீரில் முதல் தடவை துடைத்ததும் மேல்கரி வழிந்து, கீழே சுண்ணாம்புப் பூச்சு மங்கலாகத் தெரிந்தது. அந்த ஈரத்தில், நான் கையை ஊன்றியிருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, ஒரு கை எழும்பி வந்தது.

இடது கை. எண்ணெய் இறங்கிய பழுப்பு நிறம். ஒரே நாளில் பதிந்த கை அல்ல. தினமும் அதே இடத்தில் ஊன்றி ஊன்றி, கொழுப்பும் வேர்வையும் பூச்சுக்குள் ஊறிப்போன கை. ஓரங்கள் மங்கியிருந்தன, உள்ளங்கையும் விரல்களும் தெளிவாக இருந்தன. நான் யோசிக்காமல் என் இடது கையை எடுத்து அதன் மேல் வைத்தேன். சரியாகப் பொருந்தியது. அடுப்புக்குள் குனிய அதுதான் வாகான இடம்; என் உயரத்துப் பெண் அங்கேதான் கையை ஊன்றுவாள். சுண்டுவிரல் மட்டும் ஒட்டவில்லை. சுவரிலிருந்த சுண்டுவிரல் மோதிரவிரல் பக்கமாக உள்ளே வளைந்திருந்தது. சுவர் குளிர்ந்து கிடந்தது, ஆனால் என் உள்ளங்கைக்குக் கீழே சூடு இருக்கிற மாதிரி எனக்குப் பட்டது. பின்னாலிருந்து ஆன்ட்டி, "அங்க ஒரு திட்டு இருக்கு பாரும்மா, சோப்பு போடு" என்றார்.

போட்டேன். பாத்திரம் தேய்க்கும் சோப்பை விட்டு, துணியைச் சுருட்டி, அது போகும்வரை தேய்த்தேன். ஏன் தேய்த்தேன் என்பதற்கு இத்தனை வருஷங்களில் எனக்கு நானே பல காரணங்கள் சொல்லிப் பார்த்துவிட்டேன். கை தன்பாட்டில் வேலை செய்தது, அது என்னவென்று புரியவில்லை, இப்படியெல்லாம். உண்மை ஒன்றுதான். எனக்குப் பயமாக இருந்தது. அது கண்ணில் படாமல் போய்விட வேண்டும் என்று இருந்தது.

மூன்று மணிக்கு அவர் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன். "தண்ணீரை எங்கே கொட்டினீர்கள்?" என்று கேட்டார். புல்லில் என்றோம். "துணிகள்?" என்றார். குப்பைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, எது யாருடையது, எந்தச் சுவர் என்று கேட்டு எழுதி, காகிதத்தில் சுற்றினார். முந்தின வாரம் அவர் அந்த மேற்குச் சுவரில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது கரிக்கு அடியில் ஏதோ உருவம் இருக்கிறாற்போலத் தெரிந்திருக்கிறது. கரியைப் படலம் படலமாக எடுக்கத் தெரிந்த நிபுணர் ஒருவரை அழைத்து வர ஏற்பாடு செய்யத்தான் அன்று ஹூஸ்டன் போயிருக்கிறார். உறுதியாகும்வரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று இருந்தாராம். பேர்லேண்ட் ஆன்ட்டி என் காதில், "அழுக்கைத் தொடச்சதுக்கா இந்த மூஞ்சி?" என்றார்.

அடுத்த வாரம் எல்லாருக்கும் ஒரு படிவம் கொடுத்தார். ஒரே கேள்வி: துடைக்கும்போது சுவரில் என்ன பார்த்தீர்கள்? இப்படி ஒரு படிவம் வரப்போகிறது என்று தெரிந்து, அதற்கு முந்தின நாள் சாயங்காலமே வீட்டில் இதைப் பேசியாகிவிட்டது.

"நீ பாட்டுக்கு எதையாவது எழுதிக் குடுத்துட்டு வந்துடாத" என்றார் கணவர். "ஹிஸ்டாரிக் ப்ராப்பர்ட்டியை டேமேஜ் பண்ணிட்டான்னு நாளைக்கு வந்து நிக்கும். க்ரீன் கார்டு ஃபைல் பண்ற நேரம். ஒண்ணும் பாக்கலன்னு எழுது, அவ்ளோதான்."

அவர்மேல் பழியைப் போட மாட்டேன். அப்போதெல்லாம் நாங்கள் தும்முவதற்குக்கூட விசாவைக் கேட்டுக்கொண்டுதான் தும்மினோம். ஆனால் எழுதியது என் கை. கியூரேட்டரின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தேன். படிவத்தை என் பக்கம் நகர்த்தி, அது நழுவாமல் இருக்க இடது கையால் பிடித்துக்கொண்டார். எத்தனையோ மாதம் கூடவே வேலை பார்த்திருக்கிறேன், அன்றைக்குத்தான் கவனித்தேன். அவருடைய சுண்டுவிரல் மோதிரவிரல் பக்கமாக உள்ளே வளைந்திருந்தது.

அவருடைய அம்மா சொன்னது உண்மை என்பதை அந்த நிமிஷத்தில் உலகத்தில் அறிந்தவள் நான் ஒருத்திதான். வளைந்த சுண்டுவிரல் பல குடும்பங்களில் வரும், அது ஒன்றும் அத்தாட்சி ஆகாது என்று டாக்டராக இருக்கும் என் நாத்தனார் பிற்பாடு சொன்னாள். அவள் அந்தச் சுவரைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, அந்த விரலுக்குப் பக்கத்திலேயே, "எதுவுமில்லை" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் வாசித்தார். என் முகத்தைப் பார்த்தார். "கையெழுத்து அழகாக இருக்கிறது" என்று சொல்லிப் படிவத்தை எடுத்து வைத்தார். அதற்குப் பிறகு ஒருபோதும் கேட்கவில்லை. இன்ஜினியர் என்று கூப்பிடுவதும் நிற்கவில்லை, அதுதான் எனக்குப் பெரிய தண்டனை.

இன்னும் இரண்டு வருஷம் அங்கே போனேன். ஒவ்வொரு முறையும் ஃப்ரீவேயை விட்டு இறங்கும்போது இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று நினைப்பேன். மாளிகை பளபளவென்று எழுந்தது. சமையற்கட்டில் ஆதாரம் எதுவும் இல்லை என்று கமிட்டி முடிவு செய்து, உள்ளே பலகை அடித்து, வெள்ளைப் பெயிண்ட் பூசி, கேட்டரிங் அறை ஆக்கியது. ஓய்வு பெற்ற அன்று அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அந்தப் பையைத் தந்தார். "மற்றவர்களுடையதை ஆவணக் காப்பகத்தில் வைத்துவிட்டேன். இது உன்னுடையது" என்றார். நான் நன்றி சொன்னேன்.

எங்களுக்கு க்ரீன் கார்டு வந்தது, அப்புறம் குடியுரிமையும் வந்தது. பயப்பட ஒரு காரணமும் இல்லாத நாட்கள் வந்தன, சொல்லவில்லை. தாளிக்கும்போது நான் இடது கையை ஸ்டவ்வுக்குப் பக்கத்து டைல்ஸில் ஊன்றுகிறேன் என்பதை ஒருநாள் கவனித்தேன். சாயங்கால வெளிச்சம் சாய்ந்து விழுகையில் அங்கே எண்ணெய்ப் பிசுக்கில் என் கை தெரியும். துடைப்பேன். மறுநாள் திரும்ப இருக்கும். அதைப் பார்த்துவிடக் கூடாது என்று சமையலறை ஜன்னலுக்குத் திரை போட்டேன். கியூரேட்டர் இறந்த செய்தி கேட்டு அவருடைய தேவாலயத்துக்குப் போனேன். பெட்டியில் கைகளை மார்பின் மேல் மடித்து, மேலே பூக்களை வைத்திருந்தார்கள். விரல்கள் தெரியவில்லை. தெரியாதது நல்லது என்று நினைத்தேன், நினைத்ததற்குக் கூசினேன்.

போன மாதம் எங்கள் தெருவில் இருக்கிறவர்களின் பையனுக்கு அந்த மாளிகையில் ரிசப்ஷன். ஆறு தூண்களிலும் சீரியல் விளக்கு. படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு வழிகாட்டிப் பெண் விருந்தாளிகளுக்கு வீட்டின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாற்காலிகளைப் பற்றி எல்லாம் சொன்னாள். பின்னால் இருந்த சமையற்கட்டைக் காட்டி, "அங்கே இருந்தவர்களைப் பற்றி நமக்கு எதுவும் தெரியவில்லை" என்றாள். நான் பின்வாசல் வழியாக நடந்து அந்த அறைக்குப் போனேன். பிரியாணி அண்டாக்கள், அலுமினியத் தட்டுகள், நீராவி. கேட்டரிங் பெண் ஒருத்தி தாழ்வான அடுப்பில் எதையோ கிளறக் குனிந்தாள். இடது கையை வெள்ளைச் சுவரில் ஊன்றிக்கொண்டாள். அதே இடம். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆன்ட்டி, தண்ணி ஏதாச்சும் வேணுமா?" என்று கேட்டாள்.

தேடிக்கொண்டு வந்த என் மகள், "அம்மா, ஆர் யூ ஓகே?" என்றாள். இல்லை என்று சொன்னேன். அந்த வீட்டில் நான் சொன்ன முதல் உண்மை.

திங்கட்கிழமை பையை எடுத்துக்கொண்டு அறக்கட்டளையின் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். அங்கே பேனா அனுமதியில்லை, பென்சில்தான். பொறுப்பாக இருந்த இளம்பெண் அந்தச் சனிக்கிழமையின் கோப்பைக் கொண்டுவந்து வைத்தாள். ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு படிவம். என் பெயரில் மட்டும் இரண்டு. ஒன்றில் என் அழகான கையெழுத்தில் "எதுவுமில்லை." அதற்குப் பின்னால் கிளிப் போட்டு இன்னொன்று. மேலே என் பெயர், சுவர், நாள் எல்லாம் அவர் கையால் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. கேள்விக்குக் கீழே முழுக்க வெற்றிடம். எனக்காக அதை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அந்தப் பெண் அருகில் இருக்கிறாள் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். பிறகு துணியை மேஜைமேல் வைத்துவிட்டு எழுதினேன். அங்கே ஒரு கை இருந்தது. ஒரு பெண்ணின் கை. நான் பார்த்தேன். பார்த்த பிறகுதான் துடைத்தேன்.

அவள் படித்துவிட்டு, மெதுவாக, "எவ்வளவு பெரிய கை என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டாள். அளவு எனக்கு எண்ணில் தெரியாது. டேகேரில் பிள்ளைகள் செய்கிற மாதிரி, என் இடது கையை அந்த வெற்றிடத்தில் விரித்து வைத்து, பென்சிலால் சுற்றிலும் கோடு இழுத்தேன். கையை எடுத்துப் பார்த்தேன். ரப்பரை வாங்கி, சுண்டுவிரலை மட்டும் அழித்துவிட்டு, உள்பக்கமாக வளைத்து வரைந்தேன்.